பக்கத்து நாற்காலி

அந்த ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்துச் சலவைக் கூடத்தில் ஏழு பெண்கள் வேலை பார்த்தார்கள். அவர்களில் ஒருத்திக்கு ஜட்ஜம்மா என்று பேர் விழுந்திருந்தது. எதைச் சொன்னாலும் "காரணம் என்ன?" என்று கேட்காமல் அவளுக்கு வேலை ஓடாது. ஒரே ஜோடிக் கையுறையை மூன்று நாள் வைத்துக்கொள்ளச் சொன்னபோதும் கேட்டாள். பதில்தான் வரவில்லை.

அந்த வாரத்தில்தான் இஸ்திரி போடும் அக்காவுக்குக் காய்ச்சல் கண்டது. பதினோராம் நாள் கதை முடிந்துவிட்டது. அவள் படுத்திருந்த கட்டிலின் விரிப்பும் தொற்று வார்டுப் பைகளோடு கீழேதான் வந்திருக்கும். எது அவளுடையது என்று யாருக்குத் தெரியும்? ஜட்ஜம்மா அன்றைக்கு எல்லாவற்றையும் வாய் திறக்காமல் துவைத்தாள்.

தடுப்பூசி வரப்போகிறது என்று தெரிந்ததும், "எங்க பேரு லிஸ்டுல இருக்கா?" என்று ஆபீசுக்கு நாலு தடவை மாடி ஏறினாள்.

"முதல்ல டாக்டருங்க, நர்சுங்க. அப்புறம் ஆபீஸ். உங்களுக்கெல்லாம் பிறகு பார்க்கலாம்" என்று மேனேஜர் தலைகூடத் தூக்காமல் சொன்னார்.

வீட்டில் அது வேறு கச்சேரி. பஸ் ஓட்டும் அவள் புருஷன் போனும் கையுமாக நின்றான். "அவசர அவசரமா செஞ்சதாம். போட்டுக்கிட்ட ஒருத்தன் மறுநாளே போயிட்டானாம்."

"அவன் பேரு என்ன? எந்த ஊரு?"

"அதெல்லாம் போடல."

"பேரும் இல்ல, ஊரும் இல்ல. அவன் எப்படிங்க செத்தான்?"

புருஷன் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். ஆனால் முகம் தெளியவில்லை.

ஒரு திங்கட்கிழமை மேனேஜரே படியிறங்கி வந்தார். சலவைக் கூடத்துக்குள் அவர் கால் வைத்து யாரும் பார்த்ததில்லை. "நாளைக்குப் பத்து மணிக்கு ஹாலுக்கு வந்துடுங்க. உங்களுக்குத்தான் முதல் ஊசி" என்றார், பரிசு கொடுப்பவர் மாதிரி.

ஜட்ஜம்மாவுக்கு மனசு துள்ளியது. மத்தியானம் டைப்பிஸ்ட் பெண் வந்து காதைக் கடிக்கும்வரைதான் அந்தச் சந்தோஷம்.

"அக்கா, நாலு டாக்டருங்களைத் தவிர மேல யாருமே பேரு குடுக்கல. கீழ இருக்கறவங்களுக்குப் போட்டுப் பார்க்கட்டும், ஒரு வாரம் பொறுத்து நாம போட்டுக்கலாம்னு மேனேஜர் சொன்னாரு. என் காதால கேட்டேன்."

கூடமே கொதித்தது. "நாம என்ன சோதனை எலியா? எனக்கு ஊசியே வேண்டாம்" என்றாள் மடிப்புக்காரி.

"ஊசி மேல எனக்குக் கோபமில்லடி. அது நமக்கு வேணும். அக்காவுக்குக் கிடைச்சிருந்தா ஒருவேளை பொழைச்சிருப்பா" என்றாள் ஜட்ஜம்மா. "ஆனா அவங்க பயத்தை நம்ம கையில குத்திப் பார்க்க விடமாட்டேன்."

மறுநாள் ஹாலில் அவள் முதல் வரிசையில் உட்கார்ந்து ஜாக்கெட் கையை மேலே சுருட்டினாள். பக்கத்து நாற்காலியில் யாரையும் உட்காரவிடவில்லை. நர்ஸ் ஊசியோடு வந்ததும் தோளை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

"கொஞ்சம் பொறுங்கம்மா. இன்னொருத்தர் வரணும்."

வாசலில் நின்ற மேனேஜர் உள்ளே வந்தார். "என்ன கலாட்டா இங்க?"

"கலாட்டா இல்ல சார். இந்த நாற்காலி உங்களுக்கு. ரெண்டு பேரும் ஒண்ணா போட்டுக்கலாம்."

"எனக்குச் சுகர் இருக்கு."

"சுகர் இருந்தா கட்டாயம் போட்டுக்கணும் சார்" என்றாள் நர்ஸ். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

மேனேஜரின் முகம் சிவந்தது. "வேலையை விட்டுத் தூக்கிடுவேன், தெரியுமா?"

"தாராளமா தூக்குங்க. தொற்று வார்டுல இருந்து இருபது பை வந்து கிடக்கு. ஆபீசுல யாரைத் துவைக்க அனுப்புறீங்க?"

கையைச் சுருட்டிக்கொண்டு காத்திருந்த டாக்டர்கள் நாலு பேரும் மேனேஜரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு மெல்ல வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டைப் பித்தானைக் கழற்ற விரல்கள் ஒத்துழைக்கவில்லை.

நிஜமாகவே நடுங்குகிறார் என்று ஜட்ஜம்மாவுக்குத் தெரிந்தது. குரலைத் தணித்துக்கொண்டாள். "பயப்படறது தப்பில்ல சார். எனக்கும்தான் பயமா இருக்கு. அதை எங்க தலையில கட்டினதுதான் தப்பு."

இருவருக்கும் ஊசி போட்டாயிற்று. பின்னாலேயே மூன்று பெண்கள் போட்டுக்கொண்டார்கள். மடிப்புக்காரியும் இன்னொருத்தியும் எழுந்து போய்விட்டார்கள். ஜட்ஜம்மா தடுக்கவில்லை.

சாயங்காலம் உடம்பு அனலாகக் கொதித்தது. புருஷன் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். "சொன்னேன்ல, கேட்டியா?"

"உசுரோடதான் இருக்கேன். கஞ்சி வையுங்க."

காய்ச்சல் ஒரே நாளில் விட்டது. அடுத்த வாரம் மடிப்புக்காரி தயங்கித் தயங்கி வந்து நின்றாள். "கூட வர்றியா? தனியா போக ஒரு மாதிரியா இருக்கு."

ஜட்ஜம்மா ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தினாள். வேலை நேரத்தில் அப்படி யாரும் நிறுத்தியதில்லை. இருவரும் மாடி ஏறும்போது எதிரே மேனேஜர் இறங்கி வந்தார்.

"மெஷின் சத்தத்தைக் காணோம்?"

"நிறுத்திட்டேன் சார். ஊசி போட்டுட்டு வந்து ஓட்டுறோம்."

அவர் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டார்.