தனி வகுப்புக்கு ஒரு கையெழுத்து

ஒன்பதாம் வகுப்பில் வாசிக்கத் திணறும் பதினோரு பிள்ளைகளுக்கு இனிமேல் கணக்கும் அறிவியலும் தனி அறையில். பெற்றோர் ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போடவும். பள்ளிக்கூடத்திலிருந்து இப்படித் துண்டுச்சீட்டு வந்ததுமே அம்பிகா சந்தேகப்பட்டாள். மாதனூரில் அவளோடு ஷூ கம்பெனி பஸ் ஏறும் பெண்களில் நாலு பேர் ஒன்பதோடு நின்றவர்கள். பத்தாவதில் நூறு சதவீதம் என்று பேனர் கட்ட, தேறாத பிள்ளைகளை முன்கூட்டியே கழித்துவிடுவார்கள் என்று அவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறாள்.

மூன்று வாரம் போகாமல் கடத்தினாள். மகள் ஷர்மிளா அதற்குள் அந்த அறையில் உட்கார ஆரம்பித்திருந்தாள்.

"அங்க இன்னாடி பண்றீங்க?"

"டீச்சர் கணக்க சத்தமா படிப்பாங்கம்மா. அப்புறம் நாங்க விரல் வெச்சு வரிவரியா படிக்கணும். புரிஞ்சத படமா போடணும். அதுக்கப்புறம்தான் கணக்கே."

"இப்டி போனா பாடம் எப்ப முடியும்?"

ஷர்மிளாவுக்குத் தெரியவில்லை. அம்பிகாவுக்குச் சந்தேகம் ஜாஸ்தியானது.

ஒரு வியாழக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு நேரே பள்ளிக்குப் போனாள். தனி அறை சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் இருந்தது. ஒதுக்கித்தான் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு சன்னலோரம் நின்றாள். உள்ளே எப்சி டீச்சர் பலகையில் எழுதியிருந்ததை ஷர்மிளா திக்கித் திக்கிப் படித்தாள். தொட்டியில் முந்நூறு லிட்டர் தண்ணீர், நிமிடத்துக்குப் பன்னிரண்டு லிட்டர் வெளியேறுகிறது, எப்போது காலியாகும்? தொட்டியை வரைந்தாள். "இருபத்தஞ்சு நிமிஷம்" என்றாள்.

முன்னாடியே சொல்லிக் கொடுத்திருப்பாங்க என்று நினைத்தாள் அம்பிகா.

மணியடித்ததும் மகளையும் டீச்சரையும் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனாள். தலைமையாசிரியர் ஜெபராஜ் படிவத்தையும் பேனாவையும் நீட்டினார்.

"சும்மா ஃபார்மாலிட்டிம்மா. போட்டுட்டுப் போங்க."

அந்த அவசரம் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஐந்தாவதோடு நின்றவளுக்கு அந்தப் பொடி எழுத்து ஓடாது. "ஷர்மி, நீ படி" என்றாள்.

ஷர்மிளா விரல் வைத்தாள். நேரமானது. ஜெபராஜ் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். ஏழாவது வரியில் விரல் நின்றது.

"முன்னேற்றம் இல்லாதவர்... பத்தாம் வகுப்புத் தேர்வை... தனித்... தேர்வராக எழுத... சம்மதிக்கிறேன்."

"தனித்தேர்வர்னா இன்னா சார்? இஸ்கூல் கணக்குல வரமாட்டாளா?"

அவர் படிவத்தைத் திரும்ப வாங்கக் கை நீட்டினார். அதற்குள் எப்சி படிவத்தை வாங்கிப் பார்த்தாள். "நான் எழுதிக் குடுத்ததுல இந்த வரி இல்லயே சார்."

இவளையும் முழுசாக நம்பலாமா என்று அம்பிகாவுக்குத் தோன்றியது. இருந்தாலும் பேனாவை வாங்கி அந்த வரியைக் குறுக்காக அடித்தாள்.

"அப்டியெல்லாம் அடிக்கக்கூடாதும்மா!"

"அப்ப வேற டைப் பண்ணிக் குடுங்க சார். நான் இருக்கேன்."

வராந்தா பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். புதுப் படிவத்தை ஷர்மிளா முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்து முடித்த பிறகே அம்பிகா கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்ததும், கூடவே வந்த எப்சியிடம் கேட்டாள்: "மத்த பத்துப் பேர் வீட்ல போட்டுட்டாங்களா டீச்சர்?"

"ஒம்போது பேர் போட்டுட்டாங்க."

"அவங்க ஃபோன் நம்பரு குடுங்க."

எப்சி ஆபீஸ் கதவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த வருகைப் பதிவேட்டைத் திறந்து, ஒவ்வொரு நம்பராகச் சொல்ல ஆரம்பித்தாள்.