கடைசி வேளை மருந்து

அன்று சாயங்காலம் ஆறு மணி பத்து நிமிடம் வரைக்கும் ஆம்ப்ரோஸ் மேடையில் புது மாப்பிள்ளை மாதிரிதான் உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு நாற்காலி முள்ளாகக் குத்த ஆரம்பித்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு. பெங்களூர் கன்டோன்மென்ட் கெமிஸ்டுகள் சங்கத்தின் ஆண்டு விழா. இருபத்தைந்து வருஷமாக ஒரு பிழை இல்லாமல் மருந்து கலந்து கொடுத்தவர் என்று ஆம்ப்ரோஸுக்கு வெள்ளிக் கோப்பை. அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கோப்பை வாங்குகிறவர் தன் கடையின் மருந்துப் பதிவேட்டைக் கொண்டுவந்து மேஜைமேல் வைக்க வேண்டும். தலைவர் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து படித்துக் காட்டுவார். வெறும் சடங்கு. யார் காது கொடுத்துக் கேட்கிறார்கள்?

தலைவர் சுந்தரேசன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார். "வெள்ளிக்கிழமை. பாஞ்சாலி, மர்ஃபி டவுன். தூக்கமின்மை, நரம்புத் தளர்ச்சி. ஸ்டிரிக்னின் கரைசல், பொட்டாசியம் புரோமைடு. ஆறு வேளை, காலையும் மாலையும். கையெழுத்தைப் பாருங்கோ, முத்து முத்தா இருக்கு!"

எல்லோரும் கை தட்டினார்கள். ஆம்ப்ரோஸ் கோப்பையை விட்டுவிட்டுப் பதிவேட்டைப் பார்த்தார்.

ஸ்டிரிக்னின் என்பது எட்டிக்கொட்டை விஷம். துளித் துளியாகக் கொடுத்தால் உடம்புக்குத் தெம்பு. ஆனால் தூக்கத்துக்குக் கொடுக்கிற புரோமைடோடு சேர்த்து வைத்தால் இரண்டு நாளில் அந்த விஷம் ஊசி ஊசியாக உறைந்து பாட்டிலின் அடியில் தங்கிவிடும். குலுக்காமல் குடித்தால் முதல் ஐந்து வேளை ஒன்றும் தெரியாது. படிந்த விஷமெல்லாம் ஆறாவது வேளையில் வயிற்றுக்குள் போய், ஆளை முறுக்கிக் கொன்றுவிடும். கம்பவுண்டர் பரீட்சைக்கு முதலில் படிக்கிற பாடம் இது. டாக்டரே எழுதியிருந்தாலும் கலக்குகிறவன் நிறுத்தி, திருப்பிக் கேட்க வேண்டும். முந்தாநாள் வெள்ளிக்கிழமை காலையில் இவர் நிறுத்தினாரா? வாழ்த்துச் சொல்ல வந்தவர்களிடம் பல்லைக் காட்டிக்கொண்டே கலந்தார், பாவி மனுஷன். 'குலுக்கிக் குடிக்கவும்' என்ற சீட்டைக்கூட ஒட்டவில்லை.

வெள்ளி, சனி, ஞாயிறு என்று விரல் விட்டு எண்ணினார். ஆறாவது வேளை இன்று, விளக்கு வைக்கிற நேரத்துக்கு.

எதிரே எண்பது கெமிஸ்டுகள். ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. பேசாமல் இரு, இன்னும் பத்து நிமிஷத்தில் கோப்பை கைக்கு வந்துவிடும், அப்புறம் போகலாம் என்றது மனசு. முன்வரிசையில் மனைவி பிரிஜெட் புதுப் புடவையில் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தாள். ஆம்ப்ரோஸ் எழுந்தார்.

"என்ன ஆம்ப்ரோஸ், வயிறு சரியில்லையா?" என்றார் சுந்தரேசன். சபை சிரித்தது. இவர் படியிறங்கி ஓடினார்.

வாசலில் நின்ற ஜட்காவில் ஏறி, "மர்ஃபி டவுன்! ஜல்தி, ஜல்தி!" என்று கத்தினார். அல்சூர் கடைத்தெரு நெரிசலில் குதிரை நின்றேவிட்டது. கடைகளில் ஒவ்வொன்றாக விளக்கு எரிய ஆரம்பித்தது. "மாதாவே, அந்தப் பொம்பளை இன்னிக்கு மருந்த மறந்துடணும்" என்று முணுமுணுத்தபடி வண்டியிலிருந்து குதித்து ஓட்டம் பிடித்தார்.

பாஞ்சாலி வாசலில் முறத்தோடு உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அப்பாடா, உயிரோடிருந்தாள்.

"அட, நம்ம மருந்துக்கடை சார்! இன்னா இந்தப் பக்கம்?"

"அந்த மருந்து... கடைசி வேளை... குடிச்சிட்டியாம்மா?"

"எனக்குத்தான் அஞ்சு வேளையிலயே நல்லா தூக்கம் வந்துடுச்சே. வீணாப் போவ வேணாம்னு பக்கத்தூட்டு முத்தம்மாக்கா கிட்ட இப்பத்தான் குடுத்தேன். அவங்களுக்கும் தூக்கமே இல்ல சார்."

ஆம்ப்ரோஸ் அடுத்த வீட்டுக்குள் செருப்போடு பாய்ந்தார். முத்தம்மா அடுப்படியில் நின்று, மூடியைத் திறந்து பாட்டிலை உதட்டருகே கொண்டுபோயிருந்தாள். வெடுக்கென்று பிடுங்கினார். விளக்கில் தூக்கிப் பார்த்தால், அடியில் வெள்ளை வெள்ளையாக ஊசிகள்.

"இன்னா சார் இது அநியாயம்! ஒரு வாய் மருந்து. அதுக்கா இப்டி ஓடியாந்து புடுங்குறீங்க? நான் குடிச்சா உங்க கடை மூழ்கிப் பூடுமா?"

அப்படியே தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்திருக்கலாம். கஞ்சன் என்ற பெயரோடு போயிருக்கும்.

"அது விஷம்மா," என்றார். "நான்தான் கலந்தேன்."

முத்தம்மா முந்தானையால் உதட்டைத் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். பாஞ்சாலி சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள்.

அவர் திரும்பி வந்தபோது சபை கலையாமல் காத்திருந்தது. ஆம்ப்ரோஸ் மேடையேறி, பாட்டிலைக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். சுந்தரேசன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அவர் முகம் செத்துப்போயிற்று.

"ஆம்ப்ரோஸ், யாராவது..."

"இல்ல சார். குடிக்கல."

ஆம்ப்ரோஸ் பதிவேட்டை எடுத்துத் தலைவர் பக்கம் தள்ளினார்.

"இந்த வாரம் பூரா இப்படித்தான் சார் கலந்தேன், வந்தவங்ககிட்ட சிரிச்சுப் பேசிக்கிட்டே. எழுபது பாட்டில் போயிருக்கும். நீங்களே படிங்க. எனக்குப் பக்கத்தத் திருப்பப் பயமா இருக்கு."

சுந்தரேசன் திங்கட்கிழமைப் பக்கத்தைத் திறந்து படிக்க ஆரம்பித்தார். இந்தத் தடவை எண்பது பேரும் காது கொடுத்துக் கேட்டார்கள்.