எட்டு ஓம் கேட்ட பெட்டி

அந்த ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிப் பார்த்த பழைய இரும்புக்காரன், எடைக்குப் போட்டால் இரண்டு வேளைச் சாப்பாட்டுக்குத் தேறும் என்றான். ஜவுளிக்கடைக்காரர் வாழ்நாளில் முதல்முறையாகப் பேரம் பேசாமல் ஒருவனை வாசலோடு அனுப்பினார்.

அதைக் கட்டியவள் அவர் மனைவி. காது நன்றாகக் கேட்ட நாளில் ரேடியோப் பட்டறையில் இருந்தவள். டிரான்ஸ்ஃபார்மருக்குக் கம்பி சுற்றியதுகூட அவள் கைதான். இப்போது பேச்செல்லாம் அவளுக்குத் தண்ணீருக்கடியில் கேட்பதுபோல. அந்தப் பெட்டி எழுப்பும் அடித்தொனி மட்டும் கூடத்து மரத்தரையில் இறங்கி, படுத்திருப்பவளின் முதுகெலும்பில் ஏறும். மதியங்களில் கண்ணை மூடிக் கிடப்பாள். எங்கோ மிதக்கும் படகின் துடுப்புபோல விரல்கள் அசையும். பெட்டிக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர்கள் இப்போது எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. அவை போனால் அந்த மதியங்களும் போயின.

கூடத்துக்கு மட்டும் ஏன், வீடு முழுக்க அவளுக்குக் கேட்கட்டுமே என்று கணவருக்கு ஆசை. மூடப்போகிற நடனப் பள்ளியில் நாலு ஸ்பீக்கர் வாங்கினார். முதுகில் எட்டு ஓம் என்று கண்டதும் வாய்ப்பழக்கத்தில், ஆறுக்குத் தரக்கூடாதா என்று கேட்டுவிட்டார். அது விலை இல்லை, மின்தடையின் அளவு என்று விற்றவர் பொறுமையாகச் சொன்னார்.

மனைவி வெளியே போன நேரத்தில் கூடத்துப் பழைய ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, அறைக்கு ஒன்றாக வைத்தார். சிவப்பு ஒயரெல்லாம் சிவப்பில், கறுப்பெல்லாம் கறுப்பில். நாலு பிள்ளைக்குச் சொத்துப் பிரித்த மாதிரி சமபங்கு. பெட்டியின் பின்னால் அவள் கையெழுத்தில், எட்டு ஓமுக்குக் குறையக் கூடாது என்று இருந்தது. படித்தார். நாலெட்டு முப்பத்திரண்டு. குறைவா என்ன, தாராளம்.

இசை அறை அறையாக நடந்து போனது. திரைச்சீலை மூச்சுவிட்டது. அலமாரித் தட்டுகள் தூக்கத்தில் முனகின. அவரும் வீட்டோடு சேர்ந்து கொஞ்சம் மிதந்தார். பிறகு பெட்டிமேல் கை வைத்தால் இஸ்திரிப்பெட்டிச் சூடு. புதுத்துணி கிழிகிற சத்தம் ஒன்று கேட்டது. அப்புறம் எதுவுமே இல்லை.

திறந்து பார்த்தார். ஃப்யூஸ் கருகியிருந்தது. மெல்லிசுதானே அறுந்தது, தடிமனாகப் போட்டால் எந்தக் காலத்துக்கும் அறாது என்று செம்புக் கம்பியை வளைத்தவரின் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. மனைவி திரும்பியிருந்தாள்.

"அது தான் செத்துப் பெட்டியக் காப்பாத்திருக்குங்க. அந்த எடத்துல சாகாத ஆள நிறுத்தினா, அடுத்து சாகுறது பெட்டிதான்."

அவர் அவள் உள்ளங்கையில் நாலு, எட்டு, முப்பத்திரண்டு என்று விரலால் எழுதிக் காட்டினார். அவள் சிரித்தாள்.

"அது ஒண்ணோட வால்ல ஒண்ணைக் கோத்தா. நீங்க பக்கத்துல பக்கத்துல கட்டிருக்கீங்க. தள்ளுபடி அன்னிக்கு நாலு கதவையும் தொறந்து விட்டா, கல்லாவுல தனியா நிக்கிறவன் என்ன ஆவான்? முப்பத்திரண்டும் இல்ல, எட்டும் இல்ல. எட்டை நாலால வகுத்து வெறும் ரெண்டு."

பெட்டியின் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு ஒயர்களை மாற்றிக் கட்டினாள். ஒன்றின் கறுப்பு அடுத்ததன் சிவப்பில். அப்படி இரண்டு சோடி. சோடிகளைப் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்து மீட்டர் வைத்தாள். முள் எட்டுக்குச் சற்று இப்பால் நின்றது. மீட்டர் எப்போதும் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்லும், உங்களை மாதிரி என்றாள். தன் டப்பாவிலிருந்து அதே அளவு ஃப்யூஸ் ஒன்றை எடுத்துப் போட்டாள்.

டிரான்சிஸ்டர் பிழைத்ததா என்று தெரியாமல் சுவிட்சைப் போட அவருக்குக் கை வரவில்லை. அவளே போட்டாள். போட்டுவிட்டு, கூடத்தை விட்டுச் சமையலறைக்குப் போய்த் தரையில் படுத்தாள்.

அவர் பெட்டிமேல் வைத்த கையை எடுக்கவில்லை. ஒரு பாட்டு முடிந்து அடுத்ததும் முடிந்தது. தூங்குகிற பூனையின் வயிற்றுச் சூடுதான்.

சமையலறையில் துடுப்புகள் அசைந்தன.

"சத்தம் முன்ன அளவுக்குப் பெருசா இல்லீங்க," என்றாள் கண்ணைத் திறக்காமல். "ஆனா அடுப்படியும் பேசுது."

எட்டும் எட்டும் பதினாறு, ஒரு சோடி. அடுத்த சோடியும் பதினாறு. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றதால் எட்டு. பெட்டி கேட்டது எட்டு, வீடு கொடுத்தது எட்டு. அந்தக் கணக்கு நேர். அவர் பேரில் நிற்கும் பாக்கி, ஃப்யூஸ் ஒன்று.