எலுமிச்சம்பழத்துக்கும் சேர்த்து ஒரு மோட்டார்

போன மாதம் வெங்கட் அடித்த கூத்தில் சின்னராஜின் ரோஜாத் தோட்டத்து பாலிஹவுஸின் பிளாஸ்டிக் கூரை கிழிந்தது. காகிதக் குழாயில் செய்த அந்த ராக்கெட் முழங்கை நீளம்தான். அதற்குப் போய் மருந்து அடைத்த 'டி' ரக மோட்டாரை மாட்டிவிட்டான் அவன். அது கண்ணுக்கு எட்டாத உயரம் போய், பாராசூட் குடை விரித்து, காற்றோடு சாவகாசமாக மிதந்து, பக்கத்திலிருந்த அந்தக் கூரைமேல் போய் இறங்கியது. ராக்கெட் விட இடம் கொடுத்த நிலத்துக்கார மங்கம்மா வேலியோரம் நின்று சின்னராஜிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல.

"இன்னொரு தடவ இப்பிடி ஆச்சுன்னா இந்தப் பக்கமே வராதீங்க கண்ணு" என்று சொல்லிவிட்டாள்.

தொரப்பள்ளிப் பக்கம் வெறும் நிலம் கிடைப்பது குதிரைக்கொம்பு. எங்கே திரும்பினாலும் கம்பெனி, மின்கம்பி. சானமாவுக் காட்டுப் பக்கம் ஒதுங்கினால் யானை. வாரம் முழுக்க கம்பெனியில் குனிந்து பிரேக் பாகங்களை அளக்கிற சுமலதாவுக்கு, ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து நிமிர்ந்து வானம் பார்க்கும் அந்த ஒரு நிமிஷம்தான் தன்னுடையது. அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை.

அதனால் இந்த முறை புருஷன் வெங்கட்டை நம்பாமல் மோட்டாரை அவளே தேர்ந்தெடுத்தாள். ராக்கெட்டைத் தராசில் வைத்துப் பார்த்து, 'டி'யில் பாதி பலமுள்ள 'சி' போதும் என்று முடிவுசெய்தாள். அளவான உயரம் போய் நிலத்துக்குள்ளேயே இறங்கும்.

"புஸ்வாணம் இதவிட மேல போகும்" என்றான் வெங்கட்.

"நீங்க பேசாம வாங்க."

ராகி அறுத்த நிலத்தில் கம்பி நட்டு ராக்கெட்டை ஏற்றும்போது மங்கம்மா தட்டோடு வந்தாள். மஞ்சள், குங்குமம், ஒரு எலுமிச்சம்பழம். புது வண்டியென்றால் சக்கரத்தடியில் வைக்கலாம். இதற்குச் சக்கரம் ஏது?

"உள்ளயே வெச்சு அனுப்புங்க கண்ணு. அந்தாளு பாக்கறான் பாரு, கண்ணு பட்டுரும்."

வேலிக்கு அப்பால் சின்னராஜ் கைகட்டி நின்றிருந்தார். ஆயுத பூஜைக்குத் தன் கம்பெனி மிஷினுக்கெல்லாம் மாலை போடுகிறவள்தான் சுமலதாவும். ஆனால் அந்த மிஷின்கள் பறக்க வேண்டியதில்லை. மறுத்தால் மங்கம்மா முகம் வாடிவிடும். மூக்குக் கூம்பைக் கழற்றி அதற்குள் பழத்தை வைத்து, ஆடாமல் பஞ்சு அடைத்தாள். ராக்கெட்டைத் தூக்கிப் பார்த்தாள். இந்தக் கனத்தை 'சி' தாங்காது. கிளம்பும்போதே சோம்பினால் ராக்கெட் காற்று வரும் திசைக்கு மூக்கைத் திருப்பிவிடும். இன்று காற்று பாலிஹவுஸ் பக்கமிருந்துதான் வந்தது.

வெங்கட் சட்டைப்பையிலிருந்து ஒரு 'டி'யை எடுத்து நீட்டினான்.

"எடுத்துட்டு வராதீங்கன்னு சொன்னேன்ல?"

"சொன்ன."

அடிக்கலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. மோட்டாரின் மேல் அச்சிட்டிருந்ததைப் பார்த்தாள். எரிந்து முடித்த மூன்றாம் நொடியில் குடையைத் தள்ளுகிற வகை. போன தடவை போட்டதைவிடச் சீக்கிரம். கனத்த ராக்கெட்டுக்கு அதுதான் சரி. பழத்தின் பாரத்தால் அன்றைய உயரமும் போகாது.

பொத்தானை அழுத்தினாள். ராக்கெட் நேராகச் சீறி, உச்சியில் சிவப்புக் குடை விரித்து, நிலத்தின் நடுவிலேயே வந்து விழுந்தது. சின்னராஜ் கையை அவிழ்த்துக்கொண்டு தோட்டத்துக்குள் போனார்.

மங்கம்மா பழத்தை வெளியே எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "பாத்தியா, பழந்தான் காப்பாத்துச்சு. அடுத்த தடவ ரெண்டா வெக்கறேன்."

வெங்கட் எடைக்கணக்கு சொல்ல வாயைத் திறந்தான். சுமலதா அவன் காலை மிதித்தாள். அவள் காதில் விழுந்தது 'அடுத்த தடவ' மட்டும்தான். கண் கலங்கிவிட்டது.

"வெய்யுங்கக்கா" என்றாள். "எத்தன வேணும்னாலும் வெய்யுங்க."