சித்திரைக்கு வேண்டியவங்க

அரியமுத்துவின் கரகாட்ட செட்டில் சேருகிற பெண்ணுக்குச் சொந்தப் பெயர் வேன் ஏறும் வரைக்கும்தான். மாசி முதல் வைகாசி வரை திருவிழாக் காலம், அந்த நாலு மாதம்தான் செட்டுக்குச் சோறு போடுகிறது. அதனால் ஆட்டக்காரிகளுக்கும் அந்த மாதங்களின் பெயர்களையே வைத்துவிட்டான். "மார்கழின்னு மட்டும் எவளுக்கும் வைக்க மாட்டேன், செட்டு படுத்துரும்" என்பான். நோட்டீசில் ஆட்டக்காரி கொளஞ்சியின் பெயர் பங்குனி. அவள் ஜோடி சித்திரை. நிஜப் பெயரை ஒருவரையொருவர் கேட்பதில்லை. பாதிப்பேர் ஊருக்குத் தெரியாமல் ஆட வந்தவர்கள்.

சித்திரையின் பெயர் பூங்காவனம் என்பது கொளஞ்சி ஒருத்திக்குத்தான் தெரியும். எட்டு வருசமாக ஒரே பாயில் படுத்தவர்கள். எறையூரில் தம்பி நடராசன் வீட்டில் மகள் ஆர்த்தியை விட்டிருந்தாள் பூங்காவனம். அவர்களைப் பொறுத்தவரை அவள் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறவள். "எம் பேரு வெளிய வந்தா எம் புள்ளைய எவன் கட்டுவான்? யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்று கேட்டு வாங்கியிருந்தாள்.

2003 பங்குனி மாதம் ஆலத்தியூர் வளைவில் வேன் கவிழ்ந்தது. கொளஞ்சிக்குக் கை முறிந்ததோடு போயிற்று. பூங்காவனத்துக்கு வயிற்றுக்குள் அடி. அரியலூர் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர் பெயர் கேட்டபோது செட்டு ஆட்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். "சித்திரை" என்றாள் கொளஞ்சி. அந்த நேரத்தில் அவளுக்குச் சத்தியம் மட்டும்தான் நினைவிருந்தது.

காலையில் பூங்காவனம் கண் திறந்தாள். "புள்ளைய ஒருதடவ பாக்கணும் கொளஞ்சி. பஸ்ஸுல அடிபட்டேன்னு சொல்லு, ஆட்டத்தச் சொல்லிடாத."

பொழுது சாய்வதற்குள் வரச் சொல்லுங்கள் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். கொளஞ்சி கட்டுப் போட்ட கையோடு எதிர்க்கடை பூத்துக்கு ஓடி, எறையூரில் நடராசனின் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டாள். "பூங்காவனம் பஸ்ஸுல அடிபட்டு அரியலூர் ஆஸ்பத்திரில கெடக்குதுங்க, அது மவள ஒடனே வரச் சொல்லுங்க." சீட்டில் வேறு பெயர் இருப்பது அவள் புத்தியில் உறைக்கவே இல்லை.

"வந்துட்டாளா?" என்று பதினொரு மணிக்குக் கேட்டாள் பூங்காவனம். ஒரு மணிக்கும் கேட்டாள். "பஸ்ஸு ஏறிட்டாளாம்" என்று கொளஞ்சி வாய்க்கு வந்ததைச் சொன்னாள். இரண்டு மணிக்குப் பிறகு பேச்சில்லை, கண் மட்டும் வாசலைப் பார்த்தபடி இருந்தது. நெஞ்சழுத்தக்காரி, பெற்றவள் கிடக்கிறாள் என்று தெரிந்தும் அசைகிறாளா பார் என்று அந்தப் பெண்ணை மனசுக்குள் கரித்துக் கொட்டினாள் கொளஞ்சி. மூன்றரைக்கு உயிர் போயிற்று.

ஐந்து மணிக்கு வார்டு வார்டாகத் தேடிக்கொண்டு ஒரு பெண்ணும் ஓர் ஆளும் வந்தார்கள். தாயின் முகத்தை அப்படியே வைத்திருந்தாள் அந்தப் பெண். கட்டிலைப் பார்த்ததும் ஓடி வந்து தாயின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்பத்தான் வர்றியா?" என்றாள் கொளஞ்சி, ஆத்திரம் தாங்காமல்.

"மத்தியானமே வந்துட்டோம்ங்க" என்றான் நடராசன். "பூங்காவனம்னு யாருமே இல்லன்னுட்டாங்க. பெரம்பலூரா இருக்கும்னு அங்க ஓடினோம், அங்கயும் இல்லன்னு திரும்பி வந்தோம்."

அப்போதுதான் கொளஞ்சிக்குச் சீட்டு நினைவுக்கு வந்தது. ஆர்த்தியை வராந்தாவுக்கு இழுத்துப் போனாள். "பாவி நாந்தாம்மா. வேற பேரு குடுத்துட்டேன். ஒங்கம்மா…" அதற்குமேல் சொல்லச் சத்தியம் விடவில்லை.

"சித்திரைன்னு குடுத்தீங்களா அக்கா?"

"ஒனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் கொளஞ்சி.

"போன வருசம் ஜெயங்கொண்டம் திருவிழாவுல ஒங்க ஆட்டத்தக் கூட்டத்தோட நின்னு பாத்தேன். மைக்குல அந்தப் பேரச் சொன்னாங்க. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அம்மா என்னைய மொகத்தத் தூக்கிப் பாக்காதுன்னு சொல்லாம விட்டுட்டேன். மத்தியானம் சீட்டு எழுதுறவருகிட்ட அந்தப் பேரு வாய் வரைக்கும் வந்துச்சுக்கா. மாமா பக்கத்துல நின்னாரு. அம்மா மானம் போயிருமேன்னு முழுங்கிட்டேன்."

இரண்டு பேரும் ஒருத்தியின் மானத்தைக் காப்பாற்றி அவளை மகள் முகம் பார்க்காமலே சாகவிட்டிருந்தார்கள். கொளஞ்சி வாய்விட்டு அழுதாள்.

நர்சம்மா கையெழுத்து வாங்கத் தாளோடு வாசலுக்கு வந்தாள். "சித்திரைக்கு வேண்டியவங்க யாரும்மா?"

கொளஞ்சி வாயைத் திறப்பதற்குள் ஆர்த்தி முன்னால் போனாள். மாமன் பார்த்துக்கொண்டிருக்க, வராந்தா முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"நாந்தாங்க. சித்திரையோட மவ."