விற்காத கதவுகளின் காலாண்டு

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: எனக்கு உட்கார்ந்து எழுத இடமில்லை. மைத்துனன் கதவு செய்கிறவன். ஷெட் நிரம்பிவிட்டதென்று விற்காத கதவுகளைக் கொண்டுவந்து என் எழுதும் அறையில் சாய்த்திருக்கிறான். மேசைக்குப் போக நான் பக்கவாட்டில் நடக்கிறேன். அவனுடைய அக்கா, அதாவது என் மனைவி, புள்ளிவிவர அலுவலகத்தில் நாட்டின் மொத்த உற்பத்தியைக் கணக்கிடுகிறவள். கடந்த காலாண்டில் நாடு வளர்ந்திருக்கிறது என்று இன்று காலை அவள் அலுவலகம் அறிவித்தது.

எரிச்சலில்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: ‘பொருளாதாரம் ஒரு கடல். அதன் அலைகள்…’

வேண்டாம். இப்படி ஆரம்பித்த எதையும் நானே இரண்டாம் பக்கம் வரை படித்ததில்லை.

இரண்டாம் தொடக்கம்: ‘எண்களுக்குப் பின்னால் இருக்கும் மனிதர்களை நினைத்து அந்த அதிகாரி கண் கலங்கி…’

மனைவி தோளுக்கு மேலே எட்டிப் படித்தாள்.

“யாரு கண் கலங்கினது?”

“கதையில வர்ற அதிகாரி.”

“அவளுக்கு வேற வேலை இல்லையா? அடிங்க அதை.”

அடித்துவிட்டேன். (இன்னும் உங்கள் கண்ணில் படுகிறதென்றால் அது அச்சகத்தின் தவறு.)

3

“கதவு விக்கவே இல்லையே, அப்புறம் எப்படி வளர்ச்சி?” என்று கேட்டேன்.

“செஞ்சாச்சுல்ல? மூணு மாசத்துல செஞ்சதெல்லாம் உற்பத்திதான். வித்தது விற்பனை, விக்காதது இருப்பு. இந்தத் தடவை வளர்ச்சியில பெரும்பங்கு இருப்புதான். அறிக்கையில தனி அட்டவணையே போட்டிருக்கோம். யாரு பாக்கறா?”

“அப்ப என் ரூம்ல சாஞ்சு நிக்கறதுதான் வளர்ச்சியா?”

“ஆமா. தூசி தட்டி வையுங்க.”

“டிராயர்ல இருக்கற என் விக்காத கதைங்க?”

அவள் கொஞ்சம் யோசித்தாள்.* “அதை விக்கறதுக்கா எழுதினீங்க?”

* பதிலைவிட இந்த யோசனைதான் என்னை அதிகம் புண்படுத்தியது.

4

(மைத்துனனை எப்படி எழுதுவதென்று குழப்பம். ஏமாளியாக எழுதினால் உங்களுக்கு இரக்கம் வரும். ஆனால் அவன் என்னைவிடச் சாமர்த்தியசாலி.)

சாயங்காலம் போன் செய்தான். மனைவி ஸ்பீக்கரில் போட்டாள்.

“அக்கா, நாடு வளர்ந்துடுச்சாமே. நாளைக்கு மெஷினைப் போடவா, நிறுத்தவா?”

“அந்த வளர்ச்சியே உன் கதவுதான்டா. உன்னை மாதிரியே எல்லாரும் செஞ்சு அடுக்கி வெச்சிருக்காங்க.”

“அப்ப நிறுத்திடறேன். ஷெட்டுல வேலை செய்யற ஆறு பேர்கிட்டயும் வராதீங்கன்னு சொல்லணும்.”

“எல்லாரும் அப்படி நிறுத்தினா அடுத்த காலாண்டு விழும். வேலை போனவன் எதையும் வாங்க மாட்டான். அவன் வாங்கலைன்னா இன்னொரு ஷெட் மூடும்.”

“சரி, ஓட்டறேன்.”

“ஓட்டி எங்கடா வெப்ப?”

“ரெண்டுல ஒண்ணு சொல்லுக்கா! காலையில அவங்க வந்து நிப்பாங்க. அவங்க மூஞ்சிய பாத்து நான்தான் பேசணும்.”

“நான் நாட்டை அளக்கறவடா! ஓட்டறவ இல்ல!”

கத்தியவளின் குரல் பாதியில் உடைந்துவிட்டது. (மேலே அடித்த வரியை இப்போது என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.)

5

முடிவுகள். முதலாவது: அவன் நிறுத்துகிறான், ஆறு பேரும் வாசலோடு திரும்பிப் போகிறார்கள். எழுத மனம் வரவில்லை. இரண்டாவது: ஓட்டுகிறான், புதுக் கதவுகள் எங்கள் படுக்கையறைக்கு வருகின்றன. மூன்றாவது: திடீரென்று ஒரு பெரிய கட்டட முதலாளி காரில் வந்திறங்கி அத்தனை கதவுகளையும்… சீ, இது கையாலாகாத எழுத்தாளன் செய்கிற வேலை.

மனைவி போனை என்னிடம் நீட்டினாள். “நீங்கதானே கதை எழுதறீங்க? நீங்களே சொல்லுங்க.”

“மாமா?” என்றான் அவன்.

எனக்கு என்ன தெரியும்? அதனால் உங்களைக் கேட்கிறேன். நிலைமை கொஞ்சம் சீராகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஊரில் எல்லாரும் கதவு மாற்றுவதைத் தள்ளிப்போடுகிறார்கள். உங்கள் வீட்டில் அடிப்பக்கம் உளுத்துப்போன குளியலறைக் கதவு ஏதாவது இருக்கிறதா? இருக்கும். அகலமும் உயரமும் சொல்லுங்கள். அவன் போனில் காத்திருக்கிறான்.