மாமி கடித்த முடிச்சு

படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். நான் படித்தவள். மாமியின் நாக்கைக் கெடுத்தேன்.

குருநகரில் எங்கள் வீட்டு முற்றத்தில் என் மாமி, கணவரின் தாய் பெர்னடெட், கிழிந்த வலையை நூல் போட்டுப் பொத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் நான் பள்ளிக்கூடத்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். கலம், இழையம், அங்கம், தொகுதி, அங்கி. முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் கலம் என்ற உயிரணுவிலிருந்து முழு உயிர்வரை ஏறுகிற அதே ஏணியைத்தான் எழுதியிருந்தார்கள்.

"இதிலை சொறிமீன்ரை நார் காய்ஞ்சு ஒட்டிக் கிடக்குது, பிள்ளை. சொறி செத்தாலும் கடிக்கும். முடிச்சை அறுக்க அந்தக் கத்தியை எடுத்துத் தா."

ஜெல்லிமீனைத்தான் சொன்னார். எனக்கோ எழும்பப் பஞ்சி, சோம்பல். "செத்து மூண்டு நாள், மாமி. உயிரில்லாதது என்னண்டு கடிக்கும்? முடிச்சை எப்பவும் போலப் பல்லாலை கடியுங்கோ."

"ஓம், நீ படிச்சனி" என்று நூலை வாயில் வைத்தார்.

கொஞ்ச நேரத்தில் நாக்குத் தடித்து உதட்டுக்கு வெளியே வந்துவிட்டது. நான் செம்பில் தண்ணீரோடு ஓடினேன். மாமி அதைத் தட்டிவிட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொட்டுகிற கலம் மீனைக் கேட்டுக்கொண்டு கொட்டுவதில்லை. மீன் செத்தாலும் காய்ந்தாலும், ஈரம் பட்டால் அதற்குப் போதும். கம்பசில் நானே எழுதிப் பாசான பாடம் இது!

என் கணவர் றோய் கடலில். பக்கத்து வீட்டுக் கொலின்ஸ் அண்ணையின் ஓட்டோவில் ஏற்றினோம். மாமியின் தலை என் மடியில். ஒவ்வொரு மூச்சும் கீச்சிட்டது. கண்ணுக்குத் தெரியாத கலம் நாக்கைப் பிடித்துவிட்டது. இனித் தொண்டை, பிறகு மூச்சு, பிறகு மாமி முழுவதும். நான் கரும்பலகையில் வரைகிற ஏணியில் சாவு படிப்படியாக ஏறிக்கொண்டிருந்தது.

"அந்தோனியாரே, அவருக்கு நான் என்ன சொல்லுவன்?" என்று வாய்விட்டு அழுதேன்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். மத்தியானம் அளவில் மூச்சு ஒழுங்குக்கு வந்தது. செய்தி கேட்டு றோயும் கரையிலிருந்து ஓடிவந்து கட்டிலருகே நின்றார்.

"சொறி நாரை வாயிலை வைக்கச் சொல்லி ஆர் சொன்னது?" என்று டொக்டர் அதட்டினார்.

றோயின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

நாற்பது வருடம் வலையோடு கிடந்த மாமி, தடித்த நாக்கைப் புரட்டிப் புரட்டிச் சொன்னார்:

"ஒருத்தரும் சொல்லேல்லை. செத்தாலும் கடிக்குமெண்டு எனக்குத் தெரியாது, டொக்டர்."